என் கையெழுத்தில் போன இரண்டு பிள்ளைகள்

அந்த வழக்கில் முதல் சாட்சி நான். புகார் எழுதிக் கொடுத்ததும் நான்தான். நாலு வருடம் ஆகப்போகிறது. என் மகளிடம்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு பிள்ளைகள் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் படுத்தார்கள், பிறகு அம்மா இரண்டு முறை கோர்ட்டுக்குப் போய் வந்தாள், இரண்டு முறையும் வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள் என்பது மட்டும்தான்.

திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில் நான் அங்கன்வாடி டீச்சர். எங்கள் மையத்துக்கு வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள். வேன் வந்து ஹாரன் அடிக்கும். பிள்ளையை ஆயாம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்கள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை அழும். ஆயாம்மா என்று நாங்கள் கூப்பிடுவது மையத்தில் சமைக்கிற அம்மாவை.

அந்தப் பெண்ணும் அப்படி ஓடுகிறவர்களில் ஒருத்தி. இருபத்தாறு வயதிருக்கும். ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையோரம் சொந்த ஊர். கட்டிக்கொண்டவனோடு இங்கே லைன் வீட்டுக்குக் குடிவந்தவள். சின்னவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவன் போய்விட்டான். பெங்களூர் என்றார்கள், ஓசூர் என்றார்கள். யாரும் தேடவில்லை. பெரியவள் மட்டும் கொஞ்ச நாள், "நைனா எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றுபோனது.

தாய் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மூடிகளின் ஓரத்துப் பிசிறைப் பிளேடால் சீவுகிற வேலை பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கீறல். பெரியவளுக்கு அப்போது ஏழு வயது, பக்கத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சின்னவளுக்கு மூன்று. பள்ளி விட்டதும் பெரியவள் நேராக மையத்துக்கு வந்து தங்கையை அழைத்துப்போவாள். எங்கள் விதிப்படி பெரியவர்கள் யாராவது வந்துதான் அழைத்துப்போக வேண்டும். நான் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். அவள் தங்கையின் மூக்கைத் துடைத்து, செருப்பை மாற்றிப் போட்டிருந்தால் சரிசெய்து, கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் தடுக்கத் தோன்றாது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், நான் மையத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணே வந்தாள். வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவள் வருவதே இல்லை.

"இன்னாம்மா, லீவா?"

"நிறுத்திட்டாங்க டீச்சர். காண்ட்ராக்ட் மாறிடுச்சாம். புதுசா வந்தவன் அவன் ஆளுங்களயே வெச்சிக்கிறான்."

பிள்ளைகள் இரண்டும் படியில் உட்கார்ந்திருந்தன. பெரியவள் தங்கையின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். கும்மிடிப்பூண்டில ஒரு கம்பெனில எடுத்துக்கிறேன்னு சொல்லிக்கிறாங்க. ஹாஸ்டல் அவங்களே குடுக்கறாங்க. ஆனா புள்ளைங்கள சேத்துக்க மாட்டாங்க. ஒரு பத்து நாள் மட்டும் உங்க ஊட்ல வெச்சிக்கிறீங்களா? அங்க ஒரு ஊடு பாத்துக்கினு வந்து கூட்டினு போயிட்றேன்."

நான் பூட்டைத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னேன். "எம் பொண்ணுக்கு பரிச்சை வருதும்மா. எங்க ஊடு சின்னது. உங்க அம்மா ஊட்ல உட வேண்டியதுதானே?"

"அம்மா செத்துப்போயிடுச்சே டீச்சர். ஆறு மாசம் ஆவுது. நான் லீவு சொன்னேனே உங்ககிட்ட."

சொல்லியிருந்தாள். சின்னவளை ஐந்து நாள் அனுப்பவில்லை என்று நான்தான் பதிவேட்டில் எழுதினேன். காரணம் என்கிற கட்டத்தில் 'பாட்டி இறப்பு' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அது எனக்கு நினைவில்லை.

வெட்கமாகப் போய்விட்டது. வெட்கத்தில்தான் கொஞ்சம் கடுமையாகவும் பேசிவிட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். "பத்து நாளுன்னுவ, அப்பறம் ஒரு மாசமாவும். நான் கவர்மெண்ட் வேலைல கீறேன். நாளைக்கு எதனா ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? வேற யாரயாவது பாரு."

"சரி டீச்சர்" என்று சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பெரியவள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்திருந்தது. நான் எடைக்கருவியோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். ஆயாம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

பத்து மணிக்குத்தான் பெரியவள் மூலையில் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. "நீ ஏன் ஸ்கூல் போவல?"

"அம்மா இன்னிக்கு இங்கயே இருக்க சொல்ச்சு. பாப்பாவ பாத்துக்க சொல்ச்சு."

மதியம் சாம்பார் சாதமும் முட்டையும் போட்டோம். பெரியவள் தன் முட்டையில் பாதியைத் தங்கைக்கு ஊட்டினாள். மூன்று மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் போக ஆரம்பித்தார்கள். நாலு ஆனது. ஐந்தும் ஆனது. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். ஆயாம்மாவை லைன் வீட்டுக்கு அனுப்பினேன். ரூம் காலி, வியாழக்கிழமையே சாமானையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று பக்கத்து ரூம்காரி சொன்னதாக வந்து சொன்னார்.

அப்போதுதான் பெரியவளின் புத்தகப் பையைத் திறந்தேன். புத்தகம் ஒன்றுமில்லை. இரண்டு பேருடைய துணிகள், மடித்து மடித்து. அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் இரண்டு பிறப்புச் சான்றிதழ், சின்னவளின் தடுப்பூசி அட்டை, பெரியவளின் ஆதார். சாயங்காலம் வந்து அழைத்துப்போகிற தாய் பிறப்புச் சான்றிதழைப் பையில் வைத்து அனுப்ப மாட்டாள். பிள்ளைகளின் சின்ன நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று இரண்டு பேரும் என் வீட்டில்தான் படுத்தார்கள். இடம் இருக்கத்தான் இருந்தது. என் மகள் தன் படுக்கையைக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து படித்தாள்.

மறுநாள் மேலதிகாரியிடம் போனில் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "உங்க ஊட்லயா வெச்சிகினு கீறீங்க? மொதல்ல ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுங்க. இல்லன்னா உங்க மேலயே கேஸ் வரும்." சட்டப்படி அவர் சொன்னது சரி. இன்றைக்கும் அதைத் தப்பென்று என்னால் சொல்ல முடியாது.

ஸ்டேஷனில் இருந்த பெண் போலீஸ் நல்லபடியாகத்தான் பேசினார். பிள்ளைகளுக்கு நாஷ்டா வாங்கிவரச் சொன்னார். சின்னவள் அவர் மேசையில் இருந்த ஸ்டாம்பு மையில் விரலை வைத்துவிட்டு என்னிடம் காட்டிச் சிரித்தாள். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நடுவில் நிமிர்ந்து கேட்டார்.

"இந்த மாதிரி உட்டுட்டு போவப்போறேன்னு முன்னாடியே எதனா சொன்னாளா? உங்ககிட்ட ஹெல்ப் எதனா கேட்டாளா?"

பெரியவள் பெஞ்சில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது எனக்குத் தெரிந்தது.

"இல்ல மேடம்" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. கேட்டாள் என்றால், பிறகு ஏன் ஆபீசில் தெரிவிக்கவில்லை என்பார்கள். வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்கிற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. படித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

அன்றே பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர்கள்தான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குத் தனி இல்லமாம், பெரிய பிள்ளைகளுக்கு வேறு இல்லமாம். வயது சரியாகத் தெரிய வேண்டுமென்று பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்துத்தான் அதை முடிவு செய்தார்கள். அந்தக் கவரை எடுத்துக் கொடுத்தது நான்.

வாசலில் இரண்டு வண்டி நின்றது. சின்னவளைத் தூக்கிக்கொண்ட இல்லத்து அம்மாவிடம் பெரியவள் கிட்டே போய்ச் சொன்னாள். "பால் சூடா குடுத்தா குடிக்கமாட்டா. ஆத்தி குடுங்க. ஒரு பக்கமா படுத்தா காது வலிக்கும்னு அழுவா, திருப்பி படுக்க வைங்க." ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு விவரம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். சின்னவள் அக்காவை நோக்கிக் கையை நீட்டி அலறினாள். வண்டி கிளம்பியதும் பெரியவள் அடுத்த வண்டியில் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரம் பேப்பரில் செய்தி வந்தது. பெற்ற பிள்ளைகளைத் தவிக்கவிட்டு ஓடிய தாய் என்று. எங்கள் குடியிருப்பில் குழாயடியில் அதற்குமேல் பேசினார்கள். யாரோடு ஓடினாள், எந்த லாரிக்காரனோடு ஓடினாள் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். பிள்ளைகளின் அப்பன் ஓடியபோது பேப்பரில் வரவில்லை. ஸ்டேஷனிலும் அவனைப் பற்றி ஒருவரி எழுதிக்கொண்டதோடு சரி. நானும் அப்போது அதை யோசிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவளைப் பிடித்தார்கள். கும்மிடிப்பூண்டியில்தான் இருந்தாள், சொன்னது போலவே. சிப்காட்டில் ஒரு கம்பெனி. ஆறு பெண்களோடு ஒரு ரூமில். கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அடையாளம் காட்ட என்னை வரச் சொன்னார்கள்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதே பெஞ்ச். கம்பெனி யூனிஃபார்ம் கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் அழைத்து வந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், மையத்துக்கு வரும்போது நிற்பதுபோல.

"புள்ளைங்க எங்க டீச்சர்?"

"ஹோம்ல கீறாங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தானே கீதுங்க?"

நான் அவளைப் பார்க்காமல் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் பேசினாள். பெண் போலீஸ் அந்தப் பக்கம் போனில் இருந்தார்.

"உங்ககிட்டத்தானே டீச்சர் உட்டுட்டுப் போனேன். ரோட்லயா உட்டேன்? கேட்டேன், முடியாதுன்னீங்க. கேக்காம உட்டா எப்டியும் பாத்துப்பீங்கன்னு நெனச்சேன். உங்கள நம்பித்தான் உட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணலாம்னுதான் இருந்தேன். மூணா நாளு ரூம்ல ஒரு பொண்ணு போன்ல நியூஸ் காட்டுச்சு. ஓடிப்போன தாய்னு. கேஸ் போட்டுட்டாங்கன்னு. அதுக்கப்பறம் எந்த மூஞ்ச வெச்சிக்கினு வர்றது? வந்தா புடிச்சி உள்ள போடுவாங்க, வேலயும் பூடும். ஒரு ஊட்ட புடிச்சிட்டு வந்து கால்ல உழுந்தாவது கூட்டினு போலாம்னு இருந்தேன்."

இதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. அவள் போனில் ஒருவனோடு அடிக்கடி பேசியிருக்கிறாள் என்று போலீஸ் சொன்னது. இருக்கலாம். அவளுக்கும் இருபத்தாறு வயதுதானே. நான் அதைக் கேட்கவில்லை. அவள் அழைத்துப்போக வந்திருப்பாளா, மாட்டாளா என்பதை இனி யாரும் தெரிந்துகொள்ள முடியாது. என் புகார் அந்தக் கேள்வியை அப்படியே நிறுத்திவிட்டது.

அவளைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் இரண்டு மாதம் உள்ளே இருந்தாள். கடைசியில் ஊரிலிருந்து தூரத்துச் சித்தப்பா ஒருவர் வந்து எடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்குச் சம்மன் வந்தது. முதல் முறை போனபோது வாய்தா. இரண்டாம் முறை கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் புகாரில் இருப்பதைச் சொன்னேன். பிறகு அவள் பக்கத்து வக்கீல் எழுந்தார். இலவச சட்ட உதவியில் அமர்த்தியிருந்த பெண், என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிட்டு, காகிதத்தைப் பார்த்து, பெரிதாக எதிர்பார்க்காமல்தான் கேட்டார்.

"சம்பவத்துக்கு ரெண்டு நாள் முன்னால், பிள்ளைகளைப் பத்து நாள் வைத்துக்கொள்ளும்படி என் கட்சிக்காரர் உங்களிடம் கேட்டார். சரியா?"

இல்லை என்பதுதான் நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தது. இல்லை என்றால் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் பின்னால் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அவள் முகம் மனதில் வரவில்லை. ஸ்டேஷனில் இட்லிப் பொட்டலத்தின்மேல் நின்றுபோன அந்தச் சின்னக் கைதான் வந்தது.

"ஆமாங்க. கேட்டாங்க. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அரசு வக்கீல் சட்டென்று எழுந்தார். நீதிபதி என்னைப் பார்த்தார். "இதை ஏன் போலீசில் சொல்லவில்லை?"

"பயந்துட்டேன் ஐயா."

அவர் அதை அப்படியே எழுதச் சொன்னார்.

வெளியே ஜெராக்ஸ் கடை ஓரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். நன்றி சொல்வாளோ என்று பயமாக இருந்தது. அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

"எதுக்கு டீச்சர் சொன்னீங்க? இப்ப உங்க வேலைக்கு எதனா பேஜாரு ஆயிடப்போவுது."

"ஆனா ஆவட்டும்மா."

"எனக்கு அதால ஒண்ணும் ஆவப்போறதில்ல டீச்சர். உட்டுட்டுப் போனது நான்தானே." சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

அவள் சொன்னபடிதான் ஆனது. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். எனக்கு ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு முடிந்தது. வேலை போய்விடும் என்று பயந்துதானே பொய் சொன்னேன்? கடைசியில் நடந்தது அவ்வளவுதான்.

பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு அவள் குழுவிடம் மனுக் கொடுத்தாள். விசாரணை நாளன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு இல்லங்களிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். பெரியவளுக்கு ஒன்பது முடிந்திருந்தது. உயரமாகிவிட்டாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். சின்னவளுக்கு ஐந்து. நடுவில் பண்டிகைக்கு ஓரிரு முறை அக்கா தங்கை இருவரையும் சந்திக்கவைத்தார்களாம். சின்னவள் அம்மாவைப் பார்த்ததும் இல்லத்து அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பெரியவள் கிட்டே போய் மண்டியிட்டு, "பாப்பா, நான்தான்" என்றாள். ஆனாலும் சின்னவள் இல்லத்து அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "இவங்க யாரு?" என்று கேட்டாள்.

அம்மாவிடம் போகிறாயா என்று குழுவில் இருந்தவர்கள் பெரியவளைக் கேட்டார்கள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் ஹோம்லயே இருக்கேன். பாப்பாவ எங்கிட்ட அனுப்பிடுங்க."

அந்தத் தாய் சத்தம் போட்டு அழவில்லை. தலையை ஆட்டி ஆட்டிச் சரி சரி என்றாள், யாரோ நியாயமான ஒன்றைக் கேட்டுவிட்டதுபோல. பிள்ளைகள் இப்போதைக்கு இல்லத்திலேயே இருக்கட்டும், சின்னவளுக்கு ஆறு வயதானதும் அக்காவிடம் அனுப்புகிறோம், தாய் மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம் என்று எழுதினார்கள்.

அவள் மாதாமாதம் வருகிறாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். பெரியவள் முதல் நாலைந்து மாதம் வெளியே வரவே இல்லை. இப்போது வந்து உட்காருகிறாள், பேசுவதில்லை என்று இல்லத்தில் சொன்னார்கள்.

சின்னவளுக்கு ஆறு வயதானதும் அக்கா இருக்கிற இல்லத்துக்கே மாற்றிவிட்டார்கள். போன மாதம் அனுமதி வாங்கிக்கொண்டு நானும் போனேன். நான் கேட்டால் மன்னிப்பாளா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். பெரியவள் வந்து, "வாங்க டீச்சர்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பத்து வயதுப் பெண். நான் வாங்கிப்போன கொய்யாவை எண்ணிப் பார்த்து, ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பாதிப் பாதியாக வரும் என்று கணக்குப் போட்டாள். நான் அந்தப் புதன்கிழமையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "எனக்குத் தெரியும் டீச்சர்" என்று முடித்துவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் அதைப் பேச அவள் விடவில்லை.

சின்னவள் ஓடிவந்து அவள் மடியில் உட்கார்ந்தாள். "அக்கா, ரெட்ட ஜடை போடு அக்கா" என்றாள். பெரியவள் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு வகிடு எடுத்தாள்.

"பரவால்லையே, அக்கான்னு நல்லா ஒட்டிக்கிட்டாளே" என்றேன்.

அவள் சீப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள். "இங்க பெரிய பொண்ணுங்க எல்லாரையும் அக்கான்னுதான் கூப்பிடுவா டீச்சர். நான் சொந்த அக்கான்னு சொன்னா சரின்றா. அவளுக்கு அது இன்னான்னு தெரியல."

சொல்லிவிட்டு ரிப்பனைக் கேட்டுக் கையை நீட்டினாள். மேசைமேல் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.